வாயில்லா ஜீவனும் எஃகு ஆணியும்

முற்றத்தில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட பெரியவர் ஒருவரேனும் நம் உறவினரிடையே இருப்பார். “உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், சில நாளிலேயே நடக்கச் சொல்லிவிட்டார்கள்” என்று வீட்டார் வியந்து கூறுவதையும் கேட்டிருப்போம். அந்தக் கம்பியின் வரலாற்றில் நாய்க்கும் குதிரைக்கும் உள்ள பங்கு நம்மில் பலர் அறியாதது. நாய் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்து புகட்டியவர் இறைவனின் மன்னிப்பைப் பெற்ற செய்தியை நமக்கு அறிவித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா?

எலும்பு முறிந்த மனிதனிடம், “அசையாமல் படுத்திரு” என்று சொல்ல முடியும். 1907-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் ஸ்டைன்மான் கண்ட முறை இதனை நம்பியே அமைந்தது. எலும்பின் குறுக்கே ஓர் ஆணியைச் செலுத்தி, அதில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, முறிந்த பகுதியை நேராக இழுத்துப் பிடிப்பார்கள். நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் கிடப்பார். ஈராண்டுகளுக்குப் பின் ஜெர்மானியரான மார்ட்டின் கிர்ஷ்னர் அதனினும் மெல்லிய கம்பியை வழங்கினார். இவ்விருவரின் பெயரும் இன்றளவும் மருத்துவர் நாவில் வழங்குகின்றன.

ஆனால் நாயிடம் யார் சொல்வது? கட்டுப் போட்ட மறுகணமே அது எழுந்து நிற்க முயலும். மாவுக்கட்டைக் கடித்துக் குதறும். அதன் தொடையோ சதைப்பற்று மிகுந்து மேல்நோக்கிப் பருத்த வடிவுடையது. கட்டு அங்கே நில்லாமல் கீழே நழுவும். முறிந்த எலும்புக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகள் இரண்டையும் அசையாமல் நிறுத்தினால்தான் கட்டு பயன் தரும். நாயின் இடுப்பு மூட்டை எந்தக் கட்டால் நிறுத்துவது?

இந்தத் தொல்லைக்கு 1930-களில் விடை கண்டவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஓட்டோ ஸ்டேடர். முறிவுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என ஆணிகளைத் தோல் வழியாக எலும்பில் செலுத்தி, வெளியே நீண்டிருந்த முனைகளை ஓர் உலோகச் சட்டத்தில் இறுக்கினார். சட்டத்திலுள்ள திருகைத் திருப்பினால் விலகிய எலும்புகள் நேராகி ஒன்றையொன்று சந்திக்கும். மூட்டுகள் கட்டுண்டிரா, நாய் அந்தக் காலை ஊன்றியே நடக்கும்.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள் இக்கருவியை மனிதருக்குப் பயன்படுத்தினர். தங்கள் அனுபவத்தை 1942-இல் ஓர் அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டபோது, ஸ்டேடரின் பெயரையும் உடன் ஆசிரியராகச் சேர்த்தனர். மாட்டு வைத்தியர், நாய் வைத்தியர் என்று இளக்காரமாகப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையும் இதனைக் கையாண்டது. எடை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பது அலைகளில் ஆடும் கப்பலில் ஆகுமா?

போர் முடிந்தபின் மனித மருத்துவர்கள் இம்முறையில் நம்பிக்கை இழந்தனர். ஆணி நுழைந்த துவாரத்தில் சீழ் பிடிப்பதும், எலும்பு கூடாமற் போவதும் காரணங்கள். 1950-ஐ ஒட்டி அமெரிக்காவில் அது பெரிதும் கைவிடப்பட்டது. கால்நடை மருத்துவர்கள் மட்டும் விடவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. சியாட்டில் நகரின் கால்நடை மருத்துவர் ஏமர் 1940-களில் எளிமைப்படுத்திய சட்டமே ‘கிர்ஷ்னர்-ஏமர்’ என்ற பெயரில் பல்லாண்டுகள் புழங்கியது. (இந்தக் கிர்ஷ்னர் கருவியைச் செய்து விற்றவரின் பெயர், மேலே சொன்ன ஜெர்மானியர் அல்லர்.)

ஆணியிலும் குறை இருந்தது. வழவழப்பான ஆணி நாளடைவில் தளர்ந்து வெளியே வந்துவிடும். சாய்கோணங்களில் செலுத்திப் பார்த்தார்கள். பிறகு முனையில் மரை வெட்டினார்கள். மரை வெட்டிய இடத்தில் ஆணி மெலிந்துபோவதால், சரியாக அந்த எல்லையிலேயே முறிந்தது! உடலைக் குடைந்து மரை வெட்டாமல், ஆணியின் பருமனுக்கு வெளியே மரை புடைத்து நிற்கும்படி செய்த ஆணிகள் 1990-களில் பரவலான பிறகே இக்கவலை தணிந்தது. துளையிடும் வேகமும் முக்கியம். விசைத் துளைப்பானை வேகமாகச் சுழற்றினால் சூட்டினால் சுற்றியுள்ள எலும்பு செத்துப்போகும். செத்த எலும்பு ஆணியைப் பிடிக்காது. ஆதலால் சற்றுச் சிறிய துளையை முன்னரே இட்டு, மெதுவாகச் செலுத்துகிறார்கள்.

எலும்பின் உட்குழலுக்குள்ளேயே நீளக் கம்பியைச் செலுத்துவது மற்றொரு வழி. ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1939-இல் மனிதத் தொடையெலும்பில் இதனைச் செய்தார். அதற்கு முன் அவர் சோதித்துப் பார்த்தது விலங்குகளில்தான். நம் பெரியவரின் கம்பிக்கு முன்னதாகவே விலை கொடுத்தவை அவை. போருக்குப் பின் நாய்களுக்கும் இம்முறை வந்தது. ஆனால் நாய்களின் எலும்போ அளவிலும் வளைவிலும் இனத்துக்கு இனம் மாறுபடுவது. எனவே ஸ்டைன்மானின் உருண்டை ஆணியே உட்குழலுக்கும் வசதியாயிற்று. ஒரு குச்சியில் கோத்த இரு மூங்கில் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். வளையமாட்டா, ஆனால் தனித்தனியே சுழலும். அதனைத் தடுக்க எலும்பைச் சுற்றிக் கம்பி கட்டினர், வெளிச்சட்டமும் சேர்த்தனர். பின்னர் குறுக்குத் திருகாணிகளால் பூட்டப்படும் கம்பி வந்தது.

குதிரையின் நிலைதான் மிகக் கடினம். குதிரை மருத்துவரை அரபியில் ‘பைத்தார்’ என்பர். 14-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதிடம் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர் குதிரை மருத்துவத்தில் பெருநூலே இயற்றினார். எனினும் கால் முறிந்த குதிரையைக் கொன்றுவிடுவதே அண்மைக்காலம் வரை உலக வழக்கம். சுமார் 500 கிலோ எடையைத் தாங்கி அது உடனே நின்றாக வேண்டும். மயக்கம் தெளியும்போது மிரண்டு உதைத்தால், பொருத்திய எலும்பு மீண்டும் நொறுங்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த, ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஜாக்ஸ் ஜென்னி இதற்கு ஓர் உபாயம் கண்டார். குதிரையை ரப்பர் மிதவையில் ஏந்தி, வெந்நீர்க் குளத்தில் கண்விழிக்கச் செய்வது. உதைத்தாலும் உதை நீரில் போய்விடும்.

2006 மே 20-இல் பார்பரோ என்ற பந்தயக் குதிரை ஓட்டத்தின் நடுவே வலப் பின்னங்காலை முறித்துக்கொண்டது. மறுநாள் அப்பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் மருத்துவமனையில் டீன் ரிச்சர்ட்சன் ஓர் எஃகுத் தகட்டை 27 திருகாணிகளால் பொருத்தினார். குளத்தில் அது அமைதியாகவே விழித்தது. ஆனால் நோவுள்ள காலைக் காத்துக்கொள்ள மறுகாலில் அதிக எடையைச் சுமத்தியதால், ஜூலையில் இடப் பின்னங்காலின் குளம்பு அழற்சியால் சிதைந்தது. பிறகு முன்னங்கால்களிலும் அதே நோய். வலி தாங்கும் அளவில் இருக்கும்வரை முயல்வது, அதற்கு மேல் வதைக்காதிருப்பது என்று உரிமையாளரும் மருத்துவரும் உறுதி கொண்டிருந்தனர். நான் இதனைச் சரியென்றே கருதுகிறேன். பந்தயத்தில் ஓட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை. 2007 ஜனவரி 29-இல் பார்பரோவுக்கு மரண ஊசி போடப்பட்டது. முறிந்த அந்த வலக்கால் எலும்பு அப்போது பெரும்பாலும் கூடியிருந்தது.