அப்பாவின் 312 பதிவுகள்

போன இதழ்ல பழைய புகைப்படங்களை அடுக்கி வைக்கிறது பத்தி எழுதியிருந்தேன். அதைப் படிச்சிட்டு சில பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாங்க: "எங்க அப்பா (அல்லது அம்மா) ப்ளாக்ஸ்பாட்ல நிறைய எழுதி வெச்சிருக்காங்க. அதை எங்க சொந்தத் தளத்துக்கு மாத்த முடியுமா?"

முடியும். இந்தக் குளிர்காலத்துல எங்க அப்பாவோட வலைப்பூவை நான் மாத்தி முடிச்சேன். 2004-லேர்ந்து 2014 வரைக்கும் 312 பதிவுகள். கணினி வேலை நாலு நாள்தான். மீதி வேலைக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டையும் சொல்றேன்.

முதல்ல, ஏன் மாத்தணும்? நம்ம பெற்றோர் பலர் இ-கலப்பையும் முரசு அஞ்சலும் வெச்சுக்கிட்டு, ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி தட்டச்சு செஞ்சவங்க. அப்போ எழுதினதெல்லாம் இலவச இடங்கள்லதான் இருந்தது. யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல மூடினாங்க. மரத்தடி, ராயர் காப்பி கிளப் மாதிரி குழுக்கள் இயங்கின யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர்ல முழுசா மூடியாச்சு. ப்ளாகர் இன்னும் ஓடுது. ஆனா ரெண்டு வருஷம் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம்னு கூகுள் 2023-ல விதி கொண்டு வந்தது. எங்க அப்பாவுக்கு 74 வயசு. அந்தக் கணக்குல அவர் கடைசியா எப்போ நுழைஞ்சார்னு அவருக்கே ஞாபகம் இல்ல.

சரி, வேலைக்கு வருவோம். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காதீங்க. ப்ளாகர்ல உங்களையும் ஒரு நிர்வாகியா சேர்க்கச் சொல்லுங்க, அது போதும். உள்ளே போய் பேக்கப் எடுத்தா ஒரு கோப்பு வரும். அதுல பதிவு, தேதி, குறிச்சொல், பின்னூட்டம் எல்லாம் இருக்கும். படம் மட்டும் இருக்காது. படத்தோட முகவரிதான் இருக்கும். வேர்ட்பிரஸ்ல இம்போர்ட் பண்ணினதும் படமெல்லாம் அழகா தெரியும், வேலை முடிஞ்சதுன்னு தோணும். ஆனா அது இன்னும் பழைய இடத்திலேர்ந்துதான் வந்துகிட்டிருக்கு. பழைய கணக்கு போச்சுன்னா படமும் போச்சு. அதனால ஒவ்வொரு படத்தையும் இறக்கி, புதுத் தளத்துல ஏத்தி, பதிவுக்குள்ள இருக்கிற முகவரியையும் மாத்தணும்.

அடுத்தது எழுத்து. அப்பாவோட முதல் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் தஸ்கி முறையில இருந்தது. இன்னைக்குத் திறந்தா புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாத்தான் தெரியும். அழிஞ்சுபோச்சுன்னு நெனச்சு நீக்கிடாதீங்க. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு எழுத்துமாற்றியில போட்டா உள்ளே இருக்கிற தமிழ் அப்படியே வெளியே வரும்.

யூனிகோடுல இருக்கிறதுலயும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ'ன்னு எழுத ரெண்டு வழி இருக்கு. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியா போடலாம், இல்ல ரெண்டும் சேர்ந்த ஒரே குறியாவும் போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கணினிக்கு வேற வேற. 'கொழுக்கட்டை'ன்னு தேடினா பாதிப் பதிவுதான் சிக்கும். எல்லாத்தையும் என்எஃப்சிங்கிற ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்ற சின்ன நிரலை ஒருதரம் ஓட்டினா சரியாயிடும்.

மூணாவது முகவரி. அந்தக் காலத்துல தமிழ்ல தலைப்பு வெச்சா ப்ளாகர் 'ப்ளாக்-போஸ்ட்'னு ஒரு பேரும் பின்னால ஒரு எண்ணும்தான் கொடுக்கும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும். ஆனா ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரிக்குள்ள ஒன்பது எழுத்தா விரியும். அங்கே எல்லை 200 எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்க, 22 குறிக்கு மேல போனா தலைப்பு நடுவுல வெட்டுப்படும். அதனால நான் ஆண்டு, மாதம், ஒரு சின்ன ஆங்கிலச் சொல்னு வெச்சேன். பழைய முகவரி எது, புது முகவரி எதுன்னு ஒரு அட்டவணையும் போட்டேன். அப்பா தன்னோட பழைய பதிவுகளுக்குக் கொடுத்திருந்த சுட்டிகளை எல்லாம் அந்த அட்டவணையை வெச்சுத்தான் மாத்தினேன். ப்ளாகர்ல இருக்கிற ரீடைரக்ட் வசதி அதே வலைப்பூவுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும். அதனால பழைய வீட்டை இடிக்காதீங்க. 'இங்கே குடிபோயிட்டோம்'னு வாசல்ல ஒரு பலகை மாட்டிட்டு அப்படியே விடுங்க.

இதெல்லாம் நாலு நாள் வேலை. மீதி ரெண்டு மாசம் எதுக்குன்னு கேட்டா, எதைக் கொண்டு போறதுங்கிற பேச்சுக்கு.

எங்க அப்பா 2008-ல கும்பகோணத்துப் பூர்வீக வீட்டை வித்ததைப் பத்தி ஒரு நீளமான பதிவு எழுதியிருக்கார். முற்றம், ரேழி, கிணத்தடி, கொல்லையில இருந்த முருங்கைன்னு ஒவ்வொண்ணா சொல்லியிருப்பார். அந்த வீட்டை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, நாலு வயசுல. என் பொண்ணுக்கு அப்படி ஒரு வீடு இருந்ததே தெரியாது. ஆனா அதே பதிவுல, பாகம் பிரிச்ச விஷயத்துல சித்தப்பா மேல இருந்த கோபத்தையும் அப்பா பெயர் போட்டு எழுதியிருந்தார். கீழே பின்னூட்டத்துல அத்தை வந்து, "அண்ணா, இது வீட்டுக்குள்ள பேச வேண்டியது"ன்னு எழுதியிருந்தாங்க. அத்தை இறந்து ஒன்பது வருஷம் ஆச்சு. தமிழ்ல அவங்க எழுதினதா எங்ககிட்ட இருக்கிறது அந்த ஒரே வரிதான்.

"இது வேண்டாம்ப்பா, எடுத்துடு. இப்போ அவனும் நானும் வாராவாரம் பேசிக்கிறோம்"ன்னார் அப்பா.

"சித்தப்பா பத்தின ரெண்டு பத்தியை மட்டும் எடுத்துடலாமேப்பா. வீடு இருக்கட்டும்."

"அதை எடுத்துட்டா நான் எழுதினது ஆகாது. இருந்தா முழுசா இருக்கணும், இல்லேன்னா வேண்டாம்."

நான் மூணு வாரம் விடாம கேட்டுப் பார்த்தேன். எனக்கு அந்த வீடு வேணும், என் பொண்ணுக்கும் வேணும். ஆனா எழுதினவர் உயிரோட, எதிர்ல உக்காந்துகிட்டு இருக்கார். அவர் சொல்றதுதான் முடிவு. அந்தப் பதிவு பொதுத்தளத்துக்குப் போகல. முழுசா, அத்தையோட வரியோட, வீட்டுக்குள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்ல தனிக் கோப்பா இருக்கு. பழைய வலைப்பூவிலேர்ந்தும் எடுத்தாச்சு. அந்த வீட்டைப் பத்தி அப்பா இப்போ பேத்திகிட்ட வாயால சொல்றார். நான் போன்ல பதிவு பண்றேன். சொல்றப்போ சண்டை வர்றதில்ல, ஆனா முருங்கை மரம் இருந்த இடம் ஒவ்வொரு தடவையும் மாறுது.

இன்னொரு வகையும் உண்டு: நம்மளைப் பத்தியே எழுதின பதிவுகள். பதிமூணு வயசுல நான் தமிழ்ல பதில் சொல்ல மறுத்ததைப் பத்தி அப்பா ஒண்ணு எழுதியிருக்கார். படிச்சப்போ கூச்சமாத்தான் இருந்தது. ஆனாலும் அதை அப்படியே கொண்டு போனேன், ஏன்னா அதுல தெரியுறது நான்தான், அனுமதி கொடுக்க வேண்டியதும் நான்தான். என் தங்கச்சியைப் பத்தின பதிவுகளை அவளுக்கு அனுப்பிக் கேட்டேன். நாலுல ரெண்டுக்குச் சரின்னா.

பின்னூட்டங்களைத் தேவையில்லாத குப்பைன்னு ஒதுக்கிடாதீங்க. விளம்பரங்களை மட்டும் நீக்குங்க. எங்க அப்பா பதிவு ஒண்ணுல ரசப்பொடி அளவு தப்புன்னு மூணு பேர் சண்டை போட்டிருக்காங்க. சரியான அளவு அந்தச் சண்டையிலதான் இருக்கு.

கடைசியா, தளத்தைக் கட்டிட்டா மட்டும் போதாது. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருஷா வருஷம் பணம் கட்டணும். யார் கட்டுவாங்க, அவங்களுக்கு அடுத்து யாருன்னு இப்பவே பேசி எழுதி வையுங்க. கூகுள் கணக்குல இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்னு ஒரு வசதி இருக்கு. 3 மாசத்துலேர்ந்து 18 மாசம் வரைக்கும் ஒரு கால அளவை வெச்சுட்டா, அதுக்குள்ள யாரும் நுழையலேன்னா நீங்க சொன்ன ஆளுக்குத் தகவல் போகும். பெற்றோர் பக்கத்துல உக்காந்து செஞ்சு கொடுங்க, பத்து நிமிஷ வேலை. முக்கியமான பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ்லயும் சேமிச்சு வைக்கலாம். ஆனா அங்கே போனது எல்லாரும் பார்க்கிறது, அதையும் கேட்டுட்டுச் செய்யுங்க.

மாத்துறதுக்கு நேரம் இல்லேன்னா பரவாயில்ல. இந்த வாரம் அந்த பேக்கப் கோப்பை மட்டுமாவது இறக்கி, ரெண்டு இடத்துல வையுங்க. எதைக் கொண்டு போறதுங்கிற பேச்சை மட்டும் தள்ளிப் போடாதீங்க. அதுக்கு எழுதினவங்க நம்மகூட இருக்கணும்.