எந்த மணிக்கூட்டின் 7.10?

தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையில் கொப்பரை எரிந்தது. லண்டனில் இருக்கும் என் சித்தி மகளின் கைப்பேசி அதை ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொன்னது. செப்டம்பரில் பதிந்த நினைவூட்டல். அப்போதைய கணக்கில் லண்டனுக்கு மதியம் 1.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிட்டார்கள். தீபத்தன்று அது 12.30. "நேரலையில அரோகரா சொல்லக்கூட முடியலையே அக்கா" என்றாள், அழாத குறையாக. எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. ‘திருவண்ணாமலை நேரம் மாலை 6’ என்று ஊரோடு சேர்த்துச் சேமித்து, அந்தந்த நாளில் மாற்றிக் காட்டியிருந்தால் போதும். முன்கூட்டியே லண்டன் மணியாக்கிப் பூட்டிவைப்பது பொறுப்பில்லாத வேலை.

நாழிகைக் கணக்கில் எனக்குள்ள பித்து இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். மறுநாள் மாட வீதியில் தெரிந்த ஜோசியர் வீட்டில் அதற்குத் தீனி கிடைத்தது.

கனடாவிலிருந்து தீபத்துக்கு வந்த தாயும் மகளும். மகள் 1999 ஐப்பசி நடுவில், வன்னியில் மல்லாவியில் பிறந்தவள். நாலாக மடித்த தாளில் ‘காலை 7.10’. கணினியில் தட்டியதும் துலா லக்னம் வந்தது. பெரியவர் திரையை நம்பவில்லை. "பழைய நேரமா, புது நேரமா அம்மா?" என்றார்.

"எங்கட பக்கம் மணிக்கூட்டை மாத்தவே இல்லை ஐயா."

1996 மே மாதம், வறட்சியில் நீர்மின்சாரம் வற்றியதால், இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவு, அரை மணி வித்தியாசம், ஒன்றேகால் நாழிகை. அதைச் சரிசெய்ததும் அந்தப் பெண்ணின் லக்னம் விருச்சிகத்துக்கு நகர்ந்தது.

உலகக் கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இலங்கைக்குக் கொழும்பு என்ற ஒரே பதிவுதான். வன்னி மணிக்கூடு அதன் குறிப்புரையில் இருக்கிறது, கணக்கில் இல்லை. எனவே ஜாதக மென்பொருள் பிறந்த ஊரோடு ‘எந்த நேரப்படி’ என்றும் கேட்க வேண்டும். எழுதிவைத்த மணியை அழிக்காமல் வைத்திருக்கவும் வேண்டும்.

நம் நாட்டிலும் போருக்காக 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. அந்த நாளில் பிறந்தவர்களுக்கு எந்த நேரத்தைக் குறித்தார்கள் என்று சொல்ல, பெற்றவர்கள் இன்று இல்லை. வன்னித் தாய்மார் இருக்கிறார்கள். பிள்ளைகளே, இந்த வாரமே கேட்டு, அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.