கிட்னி வருத்தம் பற்றிய ஆய்வு: கேள்வியை நாங்களும் கேட்போம்

அன்பார்ந்த நெளுக்குளம் மக்களே, வவுனியா மாவட்டத்து உறவுகளே,

நாங்கள் சிறுநீரக வருத்தத்தோடு வாழ்பவர்களும், அவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் குடும்பத்தினரும். எங்களுக்குள் வைத்தியரும் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த வருத்தத்தைப் பற்றி இனி நடக்கும் ஆய்வுகளில் எதைத் தேடுவது, யாரிடம் விசாரிப்பது, கண்டறிந்ததை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போதே நோயாளரும் ஊராரும் கூட இருக்க வேண்டும். அதற்கு உங்கள் துணையை நாடியே இந்த வேண்டுகோள்.

நீரிழிவும் இல்லை, பிறஷரும் இல்லை, ஆனாலும் கமக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது என்பது 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கங்களில் கவனத்துக்கு வந்தது. மதவாச்சி எங்களுக்குத் தூரமில்லை. இன்று வவுனியாவும் முல்லைத்தீவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் இருக்கின்றன. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கட்மியம், ஆசனிக்கு, களைநாசினி, கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்யும் வேலை என்று ஒவ்வொன்றிலும் சந்தேகம் விழுந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு காரணம் இன்றுவரை இல்லை.

முடிவு தெரியாவிட்டாலும் சட்டங்கள் வந்தன, போயின. கிளைபோசேற்றுக் களைநாசினி 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு மட்டும் தடை தளர்ந்தது. 2022 இல் தடையே நீங்கியது. தடை சரியா பிழையா என்று வாதிட நாங்கள் வரவில்லை. போட்டபோதும் எடுத்தபோதும் வயலில் நின்றவர்களிடம் யார் வந்து கேட்டார்கள் என்பதே எங்கள் கேள்வி.

உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2013 இல் வெளியானது. அனுராதபுரம், பொலனறுவை, பதுளை மாவட்டங்களில் எத்தனை பேருக்கு இந்த வருத்தம் என்று அதில் கணக்கெடுத்தார்கள். ஆண்களில் 12.9 சதவீதம், பெண்களில் 16.9 சதவீதம். முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஆண்களின் பங்கு கூடுதல். கிட்னி வருத்தம் என்றால் வயலுக்குப் போகிற ஆம்பிளைக்கு வருவது என்று நினைத்துத் தங்கள் உடம்பைக் கவனிக்காமல் விட்ட தாய்மார் எங்கள் வீடுகளிலும் உண்டு. அந்தக் கணக்கெடுப்பு வன்னிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எங்களைக் கேட்காமல் எழுதிய படிவம் இங்கே எவ்வளவைப் பிடித்திருக்கும்?

படிவத்தில் ‘விலாசம்’ என்று ஒரு வரி இருக்கும். நெளுக்குளம் என்று எழுதுவோம். ஆனால் இந்தப் பகுதியில் இருப்பவர்களில் எத்தனை பேர் பிறந்ததிலிருந்து ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்தவர்கள்? 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் பல இடம் மாறி வந்தவர்கள் இருக்கிறார்கள். 2009 இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த மெனிக் பாம் முகாம், 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே பவுசர் தண்ணீரை நம்பி இருந்தவர்களும் எங்களுக்குள் உண்டு. தண்ணீரில்தான் காரணம் இருக்கிறது என்றால், எந்த ஆண்டு எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தோம் என்ற விபரம் இல்லாமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த விபரம் எங்கள் தலைமுறையின் ஞாபகத்தில் இருக்கிறது. இடம்பெயர்ந்து வாழ்ந்தவருக்கே அதைக் கேட்க வேண்டும் என்று தோன்றும்.

நோயாளரின் கேள்விகள் வேறும் உண்டு. வருத்தத்தின் தொடக்கத்தில் இருப்பவர் வயல் வேலையை விட வேண்டுமா, நேரத்தை மாற்றினால் போதுமா? காசு கொடுத்து வாங்கும், ஆர்.ஓ முறையில் வடிகட்டிய தண்ணீர் உண்மையில் எவ்வளவு காக்கிறது? சோறு, பருப்பு, கருவாடு என்று உண்ணும் வீட்டில் உப்பையும் புரதத்தையும் எப்படிக் குறைப்பது? டயலிசிஸுக்குப் போகும் நாளில் இழக்கும் கூலிக்கு வழி என்ன? மூலகாரணத்தைத் தேடும் ஆய்வோடு இவற்றுக்கும் ஆய்வு வேண்டும். இன்றைக்கு நோயாளியாக இருப்பவருக்கு உதவப்போவது இவைதான்.

ஆய்வைத் தீர்மானிப்பதில் நோயாளரும் கூட இருப்பது நடக்காத காரியமில்லை. நிக்கராகுவாவின் சிச்சிகல்பாவில் கரும்பு வெட்டியவர்களுக்கும் இதே மாதிரியான வருத்தம். நோயாளிகளான முன்னாள் தொழிலாளரும் கணவரை இழந்த பெண்களும் சேர்ந்து, 2008 இல் உலக வங்கிக் குழுமத்தின் முறைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அவர்கள் வேலை செய்த சீனி ஆலைக்குக் கடன் கொடுத்தது அந்தக் குழுமம். பேச்சுவார்த்தை நடந்தது. எந்த ஆராய்ச்சிக் குழுவை அழைப்பது என்பதை ஆலையும் நோயாளரும் சேர்ந்தே முடிவெடுத்து, பொஸ்ரன் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்தார்கள். வெயிலில் கடும் வேலை செய்வோரின் சிறுநீரகம் ஒரே அறுவடைக் காலத்துக்குள் பாதிப்பைக் காட்டுவது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் வேலையின் பகுதியாக்கும் ஏற்பாடுகள் இப்போது அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் இருக்கின்றன.

மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 2024 ஒக்டோபரில் திருத்தப்பட்டது. ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் பங்கேற்போரையும் அவர்களின் சமூகத்தையும் ஈடுபடுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே நாங்கள் சலுகை கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பவை இவை:

1. ஆய்வுக்கு வருவோரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இரத்தமும் சலமும் கொடுக்கும் முன் கேளுங்கள்: ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி உண்டா? மாதிரி எங்கே போகிறது? என் முடிவை எனக்குத் தமிழில் எப்போது தருவீர்கள்? ‘மாட்டேன்’ என்று சொன்னாலும் உங்கள் கிளினிக் சிகிச்சையில் யாரும் கை வைக்க முடியாது. ஒப்புதல் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

2. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பியில் உங்கள் தண்ணீரின் வரலாற்றை எழுதி வையுங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த ஊர், கிணறா, குழாய்க் கிணறா, பவுசரா. வயதானவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். யாருக்குக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

3. கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இதற்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஆய்வு செய்ய வருவோரிடம் ஊர் கேட்க விரும்பும் கேள்விகளைத் தொகுத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஊர்க்குழுவில் பெண்கள் பாதியாவது இருக்கட்டும்.

4. படித்த பிள்ளைகளே, ஆய்வுப் படிவங்களை அம்மம்மாவுக்கு விளங்கும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். விளங்காத கேள்வியை மாற்றும்படி ஆய்வாளரிடமே சொல்லுங்கள்.

5. பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்று வருத்தத்தை மறைக்காதீர்கள். மறைக்கத் தேவையில்லாத ஊராக இதை ஆக்குவது அயலவராகிய உங்கள் கையில்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். திட்டத்தை எழுதி, பணம் கிடைத்த பிறகு எங்களிடம் வராதீர்கள். முதல் தாளை எழுதும்போதே வாருங்கள். வரும் காலபோகத்துக்கு முன் நடக்கும் சங்கக் கூட்டத்திலேயே எங்கள் கேள்விகளை எழுதத் தொடங்குகிறோம். உங்கள் ஊரிலும் தொடங்குங்கள்.

இங்ஙனம்,
நெளுக்குளத்திலும் அயற்கிராமங்களிலும் வாழும் சிறுநீரக நோயாளரும் குடும்பத்தினரும்