பிட்ச் என்னும் புதிய கவியரங்கம்

சென்ற இதழில், கல்லூரி ஆசிரியரான நண்பர் எழுதியிருந்ததன் சாரம் இது: மாணவர்கள் கவிதை எழுதவில்லை, கதை படிக்கவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை, அவர்களுடைய படைப்பு சக்தி வேறு இடத்துக்குப் போய்விட்டது, நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு தொழில் யோசனையைப் பிடித்து, மேடையேறி, ஐந்து நிமிஷத்தில் அதைச் சொல்லி முதலீடு கேட்கும் ‘பிட்ச்’ போட்டிதான் இந்தத் தலைமுறையின் கவியரங்கம், வாய் திறக்காத நம் பையன்களுக்கு அது நாக்கைக் கொடுத்திருக்கிறது.

நண்பர் பாராட்டாகச் சொன்ன ஒப்புமையை நான் குற்றச்சாட்டாக ஒப்புக்கொள்கிறேன். ஆம், அது கவியரங்கம்தான். கவியரங்கம் என்றால் என்ன என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தலைப்பு முன்கூட்டியே தரப்படும். தலைமைக் கவிஞர் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பார். ஏழையின் கண்ணீர் மூன்றாவது வரியில் வந்தாகவேண்டும், நாலாவது வரியில் கைதட்டல். தட்டவில்லையென்றால் கவிஞர் அதே வரியை இன்னொரு தடவை படிப்பார். அனுபவம் என்ற ஒன்று உள்ளே நுழைய வழியில்லை; நுழைந்தால் நேரம் வீணாகும். பிட்சுக்கும் இப்படி ஓர் யாப்பு உண்டு: முதலில் பிரச்னை, பிறகு தீர்வு, சந்தையின் அளவு, வருமானம் வரும் வழி, குழுவின் பெருமை, கடைசியில் ‘எங்களுக்கு வேண்டியது இவ்வளவு’. இந்த வரிசையை மாற்றினால் தளை தட்டும்.

இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது உதவும். 1984-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ‘மூட் கார்ப்’ என்ற பெயரில் மாணவர்களுக்கான தொழில் திட்டப் போட்டி தொடங்கியது. சட்ட மாணவர்கள் பழகுவதற்காக நடத்தும் ‘மூட் கோர்ட்’, அதாவது பாவனை நீதிமன்றம், அதற்கு முன்மாதிரி. முன்மாதிரியிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். பாவனை நீதிமன்றத்தில் எதிர்வக்கீல் ஒருவன் உண்டு. நீ சொல்வதை மறுப்பதற்கென்றே ஒருவன் உன்னைப்போலவே இரவெல்லாம் படித்துவிட்டு வந்திருப்பான். பிட்ச் போட்டியில் அந்த எதிர்வக்கீலை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது விற்கிறவனும் வாங்குகிறவனும்தான். வழக்கில் சம்பந்தப்பட்டவன், யாருடைய பிரச்னை பேசப்படுகிறதோ அவன், அரங்கத்திலேயே இல்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 2001-இல் ஜப்பானில் பணக்காரர்களைப் புலிகளாக்கி ஒரு நிகழ்ச்சி. அது 2005-இல் இங்கிலாந்துக்குப் போய் டிராகன் ஆயிற்று. 2009-இல் அமெரிக்காவில் சுறா ஆயிற்று. 2021 டிசம்பரில் அந்தச் சுறா இந்தியாவுக்கும் வந்தது. தேசத்துக்குத் தேசம் மிருகம் மாறினாலும் பணம் வைத்திருப்பவன் மிருகம் என்பது மட்டும் மாறவில்லை. எதிரே நிற்கிறவன் என்னவென்று யாரும் பெயர் வைக்கவில்லை. வைக்கத் தேவையுமில்லை. நம் கல்லூரி அரங்குகளில் இன்று மாணவர்கள் நிற்கிற நிலை, சிரிக்கிற சிரிப்பு, கையை விரிக்கிற விதம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. நண்பர் சொல்லும் நாக்கும் அங்கிருந்து இரவல் வாங்கியதுதான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். தூரத்திலிருந்து கல்லெறிவதாக யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவும், எனக்கும் இதில் ஒரு பங்கு இருப்பதாலும்.

போன வருஷம் எங்கள் கிளைக்கு ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, போட்டிக்கு வங்கியிலிருந்து ஒரு நடுவர் வேண்டும் என்று. மேலாளருக்கு அன்று தணிக்கை. கிளார்க்காக இருந்தாலும் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன், மேடையில் இரண்டு வார்த்தை பேசக்கூடியவன் என்று என்னை அனுப்பிவிட்டார். போனேன். கையில் மதிப்பெண் தாள் கொடுத்தார்கள். தெளிவு, தன்னம்பிக்கை, புதுமை, சந்தையின் அளவு, குழு ஒற்றுமை என்று ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து.

ஏழாவதாக வந்த குழுவில் மூன்று பையன்கள், ஒரு பெண். பூ விற்கும் பெண்களுக்கு நாலாயிரம் ரூபாயில் ஒரு குளிர்பெட்டி என்பது அவர்கள் யோசனை. திரையில் ‘லக்ஷ்மி, வயது 34, பூ வியாபாரி’ என்று ஒரு படம். அதே முகத்தை அன்று காலை வேறொரு குழுவின் திரையில் பார்த்திருந்தேன். அங்கே அவள் பெயர் செல்வி, காய்கறி விற்றாள். லக்ஷ்மியின் பூவில் இத்தனை சதவீதம் தினமும் வாடிப்போகிறது, தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் லக்ஷ்மிகள், ஒரு லக்ஷ்மிக்கு ஒரு பெட்டி என்றால் இத்தனை கோடி என்று பையன் ஒருவன் கடகடவென்று ஒப்பித்தான். கைதட்டல். வங்கிக்காரன் கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்டேன்: “நாலாயிரம் ரூபாய்க்கு லக்ஷ்மி எங்கே போவார்?”

மைக் அந்தப் பெண்ணிடம் இருந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்களால முடியாது சார்,” என்றாள். அரங்கத்தில் சிரிப்பு. குழுத் தலைவன் மைக்கைப் பிடுங்கி மாதத் தவணை, விளம்பர வருமானம் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தான். தெளிவாகத்தான் சொன்னான்.

குழு ஒற்றுமைக்கு நான் நாலு போட்டேன். தன்னம்பிக்கைக்கு ஐந்து. குழு நாலாவதாக வந்தது. பரிசு மூன்று பேருக்குத்தான்.

டீ நேரத்தில் அந்தப் பெண்ணிடம் பேசினேன். “எங்க அத்தை முப்பது வருஷமா பூ கட்டுறாங்க சார். காலையில தண்டல்காரர்கிட்ட தொள்ளாயிரம் வாங்கி, சாயங்காலம் ஆயிரமாத் திருப்பணும். பூ வாடறது அவங்களுக்குப் பிரச்னையே இல்ல. மிஞ்சினதை ஏழு மணிக்கு மேல பாதி விலைக்குக் குடுத்துட்டு வந்துடுவாங்க. நூறு ரூபா வட்டிதான் பிரச்னை.” இதை ஏன் மேடையில் சொல்லவில்லை என்று கேட்டேன். “மென்டர் சார் வேண்டாம்னுட்டார். சொந்தக்காரங்களைப் பத்தி சொன்னா பெர்சனலா ஆயிடும், ஒரு ஆளை வச்சு எப்படிச் சொல்றேன்னு கேப்பாங்கன்னார்.”

நண்பரே, இந்த இடத்தில்தான் நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு நாக்கு ஏற்கெனவே இருந்தது. முழம் போடும் கையை, முகூர்த்த நாளின் விலையை, தண்டல்காரர் வரும் நேரத்தை அறிந்த நாக்கு அது. போட்டி அதை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லக்ஷ்மியை வைத்தது. யார் இந்த லக்ஷ்மி? நமக்குப் பழக்கமானவள்தான். வாரப் பத்திரிகைக் கதையில் கடைசிப் பத்தியில் கண் கலங்கும் தாய் இவள். முற்போக்குக் கதையில் முஷ்டியை உயர்த்தும் தொழிலாளியின் மனைவியும் இவளேதான். வாசகனிடம் காரியம் சாதிக்க ஓர் ஏழை தேவைப்படும்போதெல்லாம் அழைக்கப்படுகிறாள். அவளுக்கு அனுபவம் கிடையாது, உபயோகம்தான் உண்டு. இலக்கியத்தில் இந்தப் பம்மாத்தை நாம் இத்தனை வருஷமாகக் கண்டித்துவிட்டு, அது கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கல்லூரிக்குள் வரும்போது படைப்பு சக்தி என்று வரவேற்க வேண்டுமா?

இது ஏதோ ஊர்க் கல்லூரியின் குறை, உயர்ந்த இடங்களில் இப்படியில்லை என்று சொல்லப்படலாம். மிக உயர்ந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஹல்ட் பரிசு என்பது மாணவர் குழுக்களுக்கான உலகப் போட்டி; பரிசு பத்து லட்சம் டாலர். 2013, 2014, 2015 மூன்று வருஷமும் அதன் தலைப்பு சேரி: முதலில் சேரியின் உணவு, பிறகு சேரியின் நோய், பிறகு சேரிக் குழந்தைகளின் கல்வி. 2013-இல் வென்றது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஐவர் குழு. சேரி ஜனங்களின் பசிக்கு, சத்து மிகுந்த பூச்சிகளை வளர்த்து மாவாக்கிக் கொடுப்பது அவர்கள் யோசனை. முன்னாள் ஜனாதிபதி பில் கிளிண்டன் கையால் பரிசு. பிறகு நடந்தது என்ன? கானாவில் சில காலம் வேலை செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய முதலீடு போய்ச் சேர்ந்த இடம் கனடாவின் லண்டன் நகரில் கட்டப்பட்ட பிரம்மாண்டமான பூச்சித் தொழிற்சாலை. அதன் மாவுக்கு முக்கியமான சந்தை வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்குமான தீவனம். 2025-இல் நிறுவனம் கடனில் மூழ்கி, நிர்வாகம் ரிசீவர் கைக்குப் போயிற்று.

தோற்றுப்போனதற்காக நான் சிரிக்கவில்லை. தொழில் தோற்கும், தினமும் வங்கியில் பார்க்கிறேன். பூச்சி வளர்ப்பதும் கௌரவமான வேலைதான். வாங்குகிற சக்தி உள்ளவனைத் தேடிப் போவது வியாபாரத்தின் இயல்பு. நாயின் எஜமானனுக்கு அந்தச் சக்தி உண்டு, சேரிவாசிக்கு இல்லை. நான் கேட்பது வேறு: 2013-இல் அந்த மேடையில் பரிசு வாங்கியது எது? தொழிற்சாலை அன்று இல்லை. பசி தீரவில்லை. பரிசு வாங்கியது சேரியைப் பற்றிய ஒரு வாக்கியம். வாக்கியத்தை எடை போடுகிறவர்கள் வாக்கியத்துக்குத்தான் பரிசு கொடுக்க முடியும். அதனால்தான் இதை ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிறேன். வாக்கியம் நம்முடைய தொழில். பொய் வாக்கியத்தை நிஜ வாக்கியத்திலிருந்து பிரித்துச் சொல்ல நமக்கே தெரியாவிட்டால் முதலீட்டாளனுக்கு ஏன் தெரியவேண்டும்?

எனக்கு வரக்கூடிய பதில் எனக்குத் தெரியும். “உங்கள் வங்கி மட்டும் என்ன ஒழுங்கு? கடனுக்கு வருகிறவன் கொண்டுவரும் திட்ட அறிக்கை ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்த கற்பனைதானே?” உண்மை. மூன்றாம் வருஷ லாபம் வரை கச்சிதமாகப் போட்டிருக்கும் அறிக்கைகளை நானே கோப்பில் கோத்திருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கடன் கொடுப்பதற்கு முன் ஓர் அதிகாரி கடையைப் போய்ப் பார்க்கவேண்டும். கொடுத்த பின் மாதாமாதம் தவணை என்ற ஒன்று வந்து அந்தக் கற்பனையை விமர்சனம் செய்யும். கல்லூரிப் போட்டிக்குப் பின் அப்படி எதுவும் வருவதில்லை. காசோலை மாதிரி ஒரு பெரிய அட்டை, ஒரு போட்டோ, வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி. குழு கலைந்துவிடுகிறது. லக்ஷ்மியும் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுகிறாள்.

வங்கி யோக்கியமானது என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணிடம் அத்தையை எங்கள் கிளைக்கு அழைத்துவரச் சொன்னேன். வந்தார். 2020-இல் தெரு வியாபாரிகளுக்கென்றே தொடங்கிய பி.எம். ஸ்வநிதி இருக்கிறது, பத்தாயிரமாக இருந்த முதல் கடனை 2025-இல் பதினைந்தாயிரமாக்கினார்கள், அடமானம் கிடையாது. தொள்ளாயிரத்துக்கு நூறு என்றால் ஒரு நாளைக்கு நூற்றுக்குப் பதினொரு ரூபாய் வட்டி. அதிலிருந்து அவரை விடுவிக்க இந்தத் தொகை போதும். ஆனால் வியாபாரி அடையாள அட்டை வேண்டும், இல்லையென்றால் நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. “மழை பெஞ்சா கடை கிடையாது தம்பி, அன்னிக்கும் தவணை கட்டணுமா?” என்று கேட்டார். தன் தொழில் எங்கே உடையும் என்று அதைவிடத் துல்லியமாக யாரும் எந்த மேடையிலும் சொல்லி நான் கேட்டதில்லை. கடிதத்துக்காக அலைந்துகொண்டிருக்கிறார்.

அன்று அரங்கத்தில் பிரச்னை இருந்தது. அது தெரிந்தவள் மேடையில் இருந்தாள். தீர்வில் ஒரு பகுதி தெரிந்தவன் நடுவர் நாற்காலியில் இருந்தேன். மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொண்டது அந்த உருவம்தான். அந்த உருவத்துக்கு நாலு மதிப்பெண் போட்டு உதவியவன் நான்.

போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். மாணவர்கள் தொழில் செய்ய விரும்புவதில் எனக்கு விரோதமும் இல்லை. கவிதை எழுதித் திரிவதைவிட அது மோசமல்ல. கேட்பது மூன்று விஷயம். எடுத்துவிட்ட எதிர்வக்கீலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு குழு சொல்வதை இன்னொரு குழு மறுக்கட்டும். யாருடைய பெயரால் பேசுகிறீர்களோ அவர்களில் ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள். பூக்காரிக்குப் பெட்டி என்றால் பூக்காரி மார்க் போடட்டும். மதிப்பெண் தாளில் ஆறாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: தெரியாததைத் தெரியாது என்றும், முடியாததை முடியாது என்றும் சொன்னதற்குப் பத்து.

இந்த மூன்றும் வந்த பிறகு நண்பர் அதைக் கவியரங்கம் என்று அழைக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அதுவரை, சென்ற வருஷம் நான் கையெழுத்திட்ட அந்த மதிப்பெண் தாள் ஏதோ ஒரு கல்லூரியின் கோப்பில் இருக்கிறது. அந்த நாலைத் திருத்த எனக்கு இப்போது அதிகாரமில்லை. தப்பாகப் போட்டேன் என்று அச்சில் சொல்ல ஒரு பத்திரிகை இருக்கிறது; சொல்லிவிட்டேன்.