முதியோரும் வாயில்லாத் துணைகளும்



பிள்ளைகள் கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, முதிய தாயோ தந்தையோ தனித்து வாழும் இல்லங்கள் மாப்பிள்ளையூரணியிலும் அடுத்துள்ள கடற்கரையூர்களிலும் உண்டு. அங்கே பேச்சுத் துணையாய் இருப்பது சில வேளைகளில் ஒரு நாயோ பூனையோதான். "பாட்டி பூனையோடு வழக்காடுகிறாள்" என்று நாம் நகைப்பதுமுண்டு. அது நகைப்புக்குரியதன்று.

முதுமையில் நினைவாற்றல் தளர்வது இயல்பு. தனித்து வாழ்வோரிடம் அத்தளர்ச்சி விரைந்து வருவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இங்கிலாந்தில் 50 வயது நிரம்பிய 7,945 பேரைப் பற்றிப் பல்லாண்டுகளாகத் திரட்டிய விவரங்களைச் சீன நாட்டுச் சன் யாட்சென் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து, 2023 டிசம்பரில் வெளியிட்டனர். கேட்ட சொற்களை நினைவிலிருந்து திரும்பக் கூறுதல், ஒரு நிமிடத்தில் இயன்ற அளவு விலங்குகளின் பெயர்களை அடுக்குதல் ஆகியவை அவர்களுக்கு வைக்கப்பட்ட சோதனைகள். தனித்து வாழ்வோருள், பிராணி வளர்த்தோரின் ஆற்றல் வளர்க்காதோரினும் மெதுவாகவே குறைந்தது. பிறரோடு சேர்ந்து வாழ்வோரிடமோ இவ்வேறுபாடு காணப்படவில்லை.

பிராணி வளர்ப்பதே மூளையைக் காக்கும் மருந்து என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. உடல்நலம் உள்ளோரே பிராணி வளர்க்க முற்படுகின்றனர் என்பதும் காரணமாகலாம். எனினும், வேளை தவறாது உணவிடவும், பெயர் சொல்லி அழைக்கவும், வாசல்வரை நடக்கவும் ஓர் உயிர் நம்மை எதிர்பார்க்கின்றது என்னும் எண்ணம் முதியோரின் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றது என்பதை யார் மறுப்பர்?

எனவே, தாயார் விரும்பி வளர்க்கும் பிராணியை "அசுத்தம்" என்று விரட்டாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவியுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் காலில் இடறி முதியவர் விழாதபடி விளக்கு எரியட்டும். அவர் நோயுற்றுக் கிடக்கும் நாளில் பிராணிக்கு உணவிடுபவர் யார் என்பதையும் முன்னரே பேசி வையுங்கள்.

அயலூரில் வாழும் பிள்ளைகளே, ஒரு நாய்க்குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். நாயும் பூனையும் செவிமடுக்கும்; மறுமொழி கூறா. இன்றிரவு தொலைபேசியில் அழைத்து, அந்தப் பூனையின் நலத்தையேனும் கேளுங்கள். அம்மா நெடுநேரம் பேசுவார்கள், பொறுமையோடு கேளுங்கள்.