விக்கிறதோ விடுறதோ... கடனை என்ன செய்யப் போறீங்கள்?

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கதை வந்தாலே எங்கட ஆக்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவினம். 'வித்துத் தொலையுங்கோ' எண்டு ஒரு பக்கம், 'தேசிய சொத்து' எண்டு மற்றப் பக்கம். 2024 இல் வாங்க விரும்புறவை விண்ணப்பிக்கலாம் எண்டு அறிவிச்சு, ஆட்சி மாறினதும் அதைக் கைவிட்டாச்சு. சரி, விக்கேல்ல. அடுத்து?

பக்கத்து வீட்டைப் பாருங்கோ. 2018 இல் எயார் இந்தியாவின் 76 வீதத்தை விற்கப் பார்த்தார்கள். ஒருத்தரும் வரேல்ல. மிச்சம் 24 வீதத்தோட அரசாங்கமும் உள்ளுக்க இருக்கும், பெருங்கடனையும் வாங்குறவர் சுமக்க வேணும் எண்டா யார் வருவினம்? பிறகு 100 வீதமும் தாறம், எவ்வளவு கடன் சுமப்பீங்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ எண்டு விதியை மாத்தினவை. 2021 இல் டாட்டா 18,000 கோடிக்கு எடுத்தது. அதில காசு வெறும் 2,700 கோடி, மிச்சம் 15,300 கோடி கடன். அதுக்கு மேல இருந்த கடன் அரசாங்கத்தின்ர தலையில. டாட்டாவுக்கும் நட்டம்தான், ஆனா அது வரி கட்டுற சனத்தின்ர நட்டம் இல்லை.

பாகிஸ்தான் இன்னும் சுவாரசியம். 2024 ஒக்ரோபரில் பிஐஏயின் 60 வீதத்துக்குக் குறைந்த விலை 85 பில்லியன் பாகிஸ்தான் ரூபா எண்டு வைச்சினம். வந்தது ஒரேயொரு ஆள், 10 பில்லியனோட :-) பிறகு ஐரோப்பாவும் பிரித்தானியாவும் போட்டிருந்த பறப்புத் தடை நீங்கிச்சு, புது விமானங்களுக்கான வரியும் விலகிச்சு. 2025 டிசம்பரில் 75 வீதம் 135 பில்லியனுக்குப் போச்சு. அதிலயும் பெரும்பகுதி அரசாங்கத்துக்கு இல்லை, நிறுவனத்துக்குள்ளயே போகுது.

எங்கட கதையில கடனோட இன்னொரு வியாதியும் இருக்கு. 1998 இல் நிர்வாகத்தை எமிரேட்ஸிட்டக் குடுத்தம். 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து ஜனாதிபதியின் குழு திரும்பேக்க, ரிக்கற் எடுத்த பயணிகளை இறக்க நிர்வாகம் மறுத்தது. உடன பிரதம நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் வேலை அனுமதி ரத்து. 2008 இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுட்டுப் போச்சு. பிறகு ஆள் ஏறாத மத்தளைக்கும் விமானம் விடச் சொன்னார்கள். பெரும்பாலான வருசங்கள் நட்டம்தான்.

விக்காமல் வைச்சிருக்கிறதில எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிக்கிறதை நிப்பாட்டுங்கோ. அரசியலுக்காக ஒரு பாதையில விமானம் விட வேணுமெண்டா அந்தச் செலவைப் பாராளுமன்றத்தில வெளிப்படையாக் கேட்டு வாங்குங்கோ. சும்மா தலைவரை மட்டும் மாத்துறது, புரொஜெக்ட் மனேஜரை மாத்தினா பக் போயிடும் எண்டு நம்புற மாதிரி.

2024 ஜூனில் முதிர்ந்த 175 மில்லியன் டொலர் கடன்பத்திரத்தை, அரச உத்தரவாதம் இருந்தும், நேரத்துக்குக் கட்ட முடியேல்ல. விமானத்தில ஒருநாளும் ஏறாத தோட்டத் தொழிலாளி போனுக்கு ரீலோட் போடேக்க கட்டுற வரியும் இந்தக் கணக்குக்குள்ளதான் வருது. அவையிட்ட ஆராவது கேட்டவையோ?