பல்லுக்குப் பதமான பைப்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் எனக்கு தாடை வலி. பஸ் மீது பழி போடக்கூடாது. பாரிமுனையில் பேரம் பேசி வாங்கிய பைப்! பற்றவைக்கக்கூட இல்லை (பஸ்ஸில் பற்றவைத்தால் அபராதம்). பழைய சினிமா எஸ்டேட் முதலாளி மாதிரி சும்மா கடித்துக்கொண்டு வந்ததற்கே இந்தக் கதி.

கொல்லிமலையில் காப்பி, மிளகு போட்டிருக்கும் நண்பனின் மாமா அதை வாங்கிப் பார்த்தார். வாயில் அவருடைய பைப். நாற்பது வருஷ அனுபவஸ்தர்.

"ஏந்தம்பி, இது பைப்பா, தண்ணிக் குழாயா?"

கடிக்கிற முனை நாலு மில்லிமீட்டர் கனம் இருந்தால் உத்தமமாம். தடித்தால் வாயைப் பிளந்தே வைத்திருக்க வேண்டும். முனையில் சின்னதாக ஒரு வரம்பு. பல் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டால் கடிக்கவே வேண்டாம். நேர் பைப் என்றால் கையை நீட்டி வாளியைத் தூக்குகிற மாதிரி, கனம் பூரா தாடைக்கு. வளைந்த பைப் மோவாயோடு தொங்கும், பாரம் தெரியாது.

எபனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்து வேகவைத்த சரக்கு. அந்தக்கால மைப்பேனாவின் உடம்பு. பல்லுக்கு இதம். ஆனால், வெயிலில் போட்டால் பச்சையடித்து கந்தகம் நாக்கில் கரிக்கும். அக்ரிலிக் பளபளப்பு மங்காது, பல்லுக்குத்தான் கல்லு.

"துளை எப்படி இருக்கணும் தெரியுமா? நம்ம ஓரி விட்ட அம்பு மாதிரி!" யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பில் துளைத்த வல்வில் ஓரி ஆண்ட மலையாயிற்றே! சுத்தம் செய்கிற கம்பியை வாய்ப்பக்கம் விட்டால் தடங்கலில்லாமல் புகையிலைக் கிண்ணத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். தட்டினால் அங்கே ஈரம் தேங்கி களகளக்கும். வாய்ப்பக்கம் துளை விசிறி மாதிரி விரியாவிட்டால் நாக்கில் ஒரே இடம் வெந்துபோகும். அயர்லாந்தின் பீட்டர்சன் கம்பெனி 1898-ல் துளையை மேல்நோக்கித் திருப்பி காப்புரிமை வாங்கியது. புகை அண்ணத்துக்குப் போகும், நாக்கு தப்பிக்கும்.

"அப்போ அண்ணம்?" என்றேன். முறைத்தார்.

அப்போதுதான் கவனித்தேன், அவர் பைப்பில் புகையே இல்லை.

"நீங்க பத்தவைக்கலையா மாமா?"

"மூணு வருஷமாச்சு." கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக் காட்டினார். "வெள்ளையா ஒரு படை. வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. நான் புகையை உள்ளே இழுக்கிறதே இல்லையேன்னேன். டாக்டர், 'அது நுரையீரல்கிட்ட சொல்லுங்க, வாய்கிட்ட எடுபடாது'ன்னுட்டார்."

வெறும் பைப்பை மறுபடி பல்லில் பொருத்திக்கொண்டார். அப்பழுக்கில்லாமல் உட்கார்ந்தது.

இறங்கும்போது 70 வளைவுக்கும் பலாச்சுளைதான் மென்றேன். பாரிமுனைக்காரன் பைப்பை பாதி விலைக்காவது திருப்பி எடுத்துக்கொள்வானா?